வலது கை மேலே

ஐந்தாவது நாளும் பகல் காட்சிக்கு மணி அடித்த உடனே, லான்ஷின் மாவுக் கையைக் கழுவிக்கொண்டு குடையை எடுத்தாள். பன்றியிறைச்சி பன்கள் பாதி மடிப்போடு பலகையில் கிடந்தன. மீதி மடிப்பை அவள் கணவர் ஷென் தேலு போட்டார். அவர் மடித்தவை ஆவி பட்டதும் வாய் பிளந்தன.

"என்ன லாவோ ஷென், இன்னிக்கும் பன்னெல்லாம் கொட்டாவி விடுதே?" என்றார் பக்கத்துக் கடை முடிதிருத்துநர் பெய்.

"உள்ள இருக்கிற இறைச்சிய ஜனங்க கண்ணால பார்த்து வாங்கட்டுமேன்னுதான்."

பிளம் பழம் கனியும் மழைக்காலம் முழுவதும், கால்வாய்க்கரையில் இருக்கும் தொழிலாளர் மன்றத்தில் பழைய படங்கள் ஓடும். இம்முறை வந்தது பதினேழு ஆண்டுகளுக்கு முந்தைய வாள்சண்டைப் படம். குதிரை லாயத்தில் சாணம் அள்ளும் ஒருவன். அவனுடைய கடந்தகாலம் ஊரில் எவருக்கும் தெரியாது. ஆபத்து வரும்போது மட்டும் முகத்தில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு கூரை கூரையாகப் பறப்பான். எதிரிகளை உருட்டிவிட்டு, மடக்கிய ஒரு கை முஷ்டியின் மேல் மறு கையைப் பொருத்தி வணங்கிவிட்டு மறைந்துபோவான். துணியை அவிழ்த்தால் உள்ளே ஓர் அழகான நடிகர்.

இரண்டாம் நாள் தேலு கடையைப் பெய்யிடம் ஒப்படைத்துவிட்டு, மனைவிக்குத் தெரியாமல் மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்து பார்த்தார். படத்தை அல்ல, அவளை. காதல் காட்சிகளில் அவள் சூரியகாந்தி விதை உரித்துக்கொண்டிருந்தாள். கறுப்புத் துணிக்காரன் கூரையில் கால் வைத்ததும் விதை விரலிலேயே நின்றது, கண்கள் பளபளத்தன.

பதினாறு ஆண்டு இல்வாழ்க்கையில் அந்தப் பார்வை ஒருமுறையேனும் தேலுவின் மேல் விழுந்ததில்லை. விழுவதற்கு அவரிடம் என்ன இருந்தது? கடைக்கு மேலே உள்ள அறையில் பிறந்தார், கடையில் வளர்ந்தார். ஒளித்துவைக்க ஒரு கடந்தகாலம்கூட இல்லாத மனிதர். அவளோ வடக்கிலிருந்து வந்தவள். வேலைக்காக ஊர் ஊராகச் சுற்றிக் களைத்த பெண் என்று தரகர் சொன்னார். என்ன வேலை என்று தேலு கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மழை நாட்களில் இடது முழங்காலைத் தேய்த்துக்கொள்வாள். அடுப்படியில் நின்று நின்று வந்த வலி என்று அவர் எண்ணியிருந்தார். ஊரைப் போலவே அவளும் அவரை, 'பெரியவர் ஷென்' என்ற பொருளில், லாவோ ஷென் என்றே அழைத்தாள்.

கண்ணாடி முன் நின்று அந்த வணக்கத்தை அவர் பழகத் தொடங்கினார். ஒரு காலை லான்ஷின் அதைப் பார்த்துவிட்டாள். அருகே வந்து அவர் கைகளைப் பிடித்து மாற்றி வைத்தாள். "ஆம்பளைங்களுக்கு இடது கைதான் மேல."

"படத்துல அவன் வலது கையத்தானே மேல வைக்கிறான்?"

"அது படம் எடுத்தவங்க கவனிக்காம விட்ட தப்பு," என்று அவள் சிரித்தாள்.

எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு. அந்தத் தப்பின் மேல் தேலுவுக்குப் பொறாமையே வந்தது. அவள் சிரித்தது அதற்காகத்தான் என்பதால், அன்று முதல் வலது கையையே மேலே வைத்தார்.

கிணற்றில் தெரிந்த நிலவை எடுக்க ஒன்றின் வாலை ஒன்று பிடித்துத் தொங்கிய குரங்குகளின் கதையைச் சிறுவயதில் அவரும் கேட்டவர்தான். ஆயினும் தொங்கினார்.

மறுநாள் பன் வாங்க வந்த நெசவாலைக் கிழவியை அவ்வாறே வணங்கினார். கிழவி பதறி, வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"வலது கை மேல வந்தா ஒண்ணு பொம்பளை வணக்கம், இல்லன்னா சாவு வீடு," என்றார் பெய். "நீ இதுல எது?"

கூச்சத்தை மறைக்கத் தேலுவுக்கு ஒரு பொய் கிடைத்தது. "எங்க குரு வழியில அப்படித்தான்."

பெய்யின் நாற்காலியில் உட்கார்ந்தவர் எவரும் அச்செய்தியைக் கேளாமல் எழவில்லை. பன்காரருக்குக் குரு உண்டு, எனவே கடந்தகாலம் உண்டு என்று ஊர் முடிவுகட்டியது. சோதித்துப் பார்க்கக் காய்கறிக்காரர் ஒருவர் முள்ளங்கியை வீசினார். அது தேலுவின் நெற்றியில் பட்டுப் புடைத்தது. தெரிந்தும் விலகாமல் நின்றாரே, அதுவல்லவா பயிற்சி என்று தெரு வியந்தது. இதை நிறுத்த எண்ணி, சண்டையை விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்திருப்பதாகத் தேலு அறிவித்தார். படத்தில் லாயக்காரன் சொல்வதும் அதே வசனம்தான் என்பது சொன்ன பிறகே நினைவுக்கு வந்தது.

வெள்ளியன்று மாவட்டத் தலைநகரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே சண்டைப் பள்ளி நடத்தும் மா தியேஷான் எழுதியிருந்தார்: 'வலது கையை மேலே வைத்து வணங்கும் ஆள் உங்கள் கடையில் இருப்பதாக அறிந்தேன். பல ஆண்டுகளாகத் தேடுகிறேன். ஞாயிறு காலை வருகிறேன்.'

தேலு கடிதத்தை மாவு டப்பாவுக்குள் ஒளித்தார். மாவு எடுப்பவள் லான்ஷின் என்பதால் பத்து நிமிடத்தில் அது அவள் கைக்குப் போனது. கையெழுத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"ஏன் இப்படி ஒரு பொய், லாவோ ஷென்?"

"அந்தக் கறுப்புத் துணிக்காரனப் பார்க்கிற மாதிரி, ஒரே ஒரு தடவை நீ என்னைப் பார்க்கணும்னு தோணுச்சு."

அவள் கடிதத்தின் மாவைத் தட்டினாள். "நான் எந்த ஆம்பளையையும் பார்க்கப் போகல," என்றாள். அதற்கு மேல் சொல்ல வாயெடுத்தபோது வாசலில் யாரோ பன் கேட்டார்கள். அவள் போய்விட்டாள்.

ஞாயிறு காலை தெருவே கடை முன் நின்றது. மா தியேஷான் வந்தார். அகன்ற மனிதர், ஒரு தோள் மட்டும் சற்றுச் சரிந்திருந்தது. தேலு வலது கையை மேலே வைத்து வணங்கினார். வந்தவர் கையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"வணக்கம் சரியா இருக்கு. ஆள்தான் தப்பா இருக்கு."

அப்போது ஆவிக்கூடைகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு லான்ஷின் உள்ளிருந்து வந்தாள். வந்தவரின் கண்கள் அவள் பக்கம் திரும்பின, கால்களும் திரும்பின. தேலு மாவு படிந்த கைகளை விரித்துக் குறுக்கே பாய்ந்து நின்றார்.

"பொய் சொன்னது நான். என்னை அடிங்க. அவளுக்குச் சண்டைன்னா என்னன்னே தெரியாது."

தேலு மெல்லத் திரும்பிப் பார்த்தார். ஆவிக்கு அப்பால் லான்ஷினின் கண்கள் பளபளத்தன. மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்து அவர் கண்ட அதே பார்வை; இப்போது அது அவர் மேல்தான் விழுந்திருந்தது.

மா தியேஷான் தேலுவின் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்து, வலது கையை மேலே வைத்துக் குனிந்து வணங்கினார்.

"அக்கா, அந்த நடிகருக்குப் பதிலா மூஞ்சில கறுப்புத் துணியக் கட்டிக்கிட்டு அந்தப் படத்துல என்னை ஒம்போது தடவை கூரையிலேர்ந்து தள்ளிவிட்டீங்களே, உங்க முழங்கால் இப்ப எப்படி இருக்கு?"