மாமாவைப் பேசச் சொல்லுங்கள்

"பிள்ளை, வெளிக்கிட்டாச்சோ?"

கதவுக்கு வெளியே மாமியார் மகாதேவியின் குரல் கேட்டதும் அங்கயற்கண்ணிக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. மதுரையில் பெற்ற தாய்கூட இந்த விஷயத்தை இப்படி ஊர் கேட்க விசாரித்ததில்லை.

"காலையிலயே போயிட்டு வந்துட்டேன் அத்தை," என்றாள் மெதுவாக.

"எங்கை போட்டு வந்தனீ?"

இதற்கு என்ன பதில் சொல்வது? அதற்குள் வாசல் படலையடியிலிருந்து மாமனார் கனகரத்தினம் குரல் கொடுத்தார். "இஞ்சேர், மருமகள் இன்னும் வெளிக்கிடேல்லையோ? யாகப்பு காரோடை வந்து நிக்கிறான். கலியாண வீட்டுக்கு நேரம் போகுது."

வாடகைக் கார் ஓட்டும் யாகப்பு பெருந்தன்மையோடு சொன்னார்: "ஆறுதலா வெளிக்கிடட்டும் அண்ணை. பொம்பிளையள் வெளிக்கிட நேரம் எடுக்குந்தானே."

புது மருமகளின் வயிற்றைப் பற்றி மூன்று பேர் கவலைப்படுகிறார்கள், அதில் ஒருவர் கார்க்காரர். அங்கயற்கண்ணி பொறுக்கமாட்டாமல் கதவைத் திறந்தாள். "சத்தியமா எனக்கு வயிறு நல்லாத்தான் இருக்கு அத்தை!"

மகாதேவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வயிறு நல்லா இருந்தால் சந்தோசம். உந்தச் சீலையோடையோ கலியாண வீட்டுக்கு வரப்போறாய்? கெதியா வேறை சீலை உடுத்து வெளிக்கிடு."

அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. வெளிக்கிடுவது என்றால் வெளிக்குப் போவதல்ல, உடுத்திப் புறப்படுவது. அவ்வளவுதான். ஒரு சொல் புரிந்துவிட்டது, இனி எல்லாம் புரிந்துவிடும் என்று நம்பினாள். அந்த நம்பிக்கைதான் அவளைக் கெடுத்தது.

தேவராசா மதுரைக் கல்லூரியில் அவளுடைய அண்ணனோடு படித்தவன். கல்யாணம் முடிந்து, இராமேசுவரத்தில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கி, யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் தாய் தகப்பனிடம் அவளை விட்டுவிட்டுக் கொழும்பு வேலைக்குப் போய்விட்டான். அங்கே வீடு கிடைத்ததும் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. போகும்போது, "ஏன் பயப்பிடுறாய்? உங்களுக்கும் தமிழ்தான், எங்களுக்கும் தமிழ்தான்," என்று தைரியம் சொல்லியிருந்தான்.

அடுத்த நாள் மத்தியானம் மாமியார் சோறு போட்டாள். குத்தரிசிச் சோறு, மேலே மீன் குழம்பு.

"சோறு காணுமோ?"

அங்கயற்கண்ணி தட்டைப் பார்த்தாள். மலைபோலச் சோறு இருக்கிறது. அது எப்படிக் காணாமல் போகும்? "இல்லையே அத்தை."

மகாதேவி இன்னோர் அகப்பை போட்டாள். "இப்ப காணுமோ?"

"எங்கேயும் காணாமப் போகல அத்தை. இங்கதான் இருக்கு!"

"காணாதெண்டால் காணாதெண்டு வாய்விட்டுச் சொல்லு பிள்ளை. எங்கடை வீட்டிலை என்ன வெக்கம்?" மறுபடியும் ஓர் அகப்பை.

போட்டதை மிச்சம் வைக்கக்கூடாது என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அங்கயற்கண்ணி மூச்சுப் பிடித்துச் சாப்பிட்டாள். எழுந்து கை கழுவச் சுவரைப் பிடித்துக்கொண்டு போகவேண்டியிருந்தது. அன்று மாலை மாமியார் பக்கத்து வீட்டுக் கமலாவதியிடம் சொன்னது அவளுக்கும் கேட்டது: "மெலிஞ்ச பிள்ளைதான். ஆனால் நல்ல சாப்பாட்டுக்காறி."

இத்தனைக்கும் நடுவில் அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் மாமனார்தான். கனகரத்தினத்துக்குச் சொந்தமாக வள்ளங்கள் இருந்தன, ஆட்கள் இருந்தார்கள். ஆனால் யாரையும் அதட்டத் தெரியாது. வலை கிழிந்தால், "பறவாயில்லை, பாத்துச் செய்யுங்கோ," என்பார். ஆட்கள் நேரத்துக்கு வராவிட்டால், "நித்திரை கூடிப்போச்சாக்கும்," என்பார். அதனால் அதட்டும் வேலை முழுவதும் மகாதேவியின் தலையில் விழுந்திருந்தது. அவள் கரையில் நின்று ஒரு சத்தம் போட்டால் வள்ளம் தானாகவே திரும்பி வரும் என்று ஊரில் சொல்வார்கள். அவர் தங்கமான மனிதர், அவள் பத்ரகாளி என்பது மயிலிட்டி எப்போதோ எழுதி முடித்த தீர்ப்பு.

அந்தத் தங்கமான மனிதர் தினமும் காலையில் தேநீரோடு உட்கார்ந்து மருமகளுக்கு முல்லைத்தீவுக் கடலைப் பற்றிச் சொல்வார். புயலில் பாய்மரம் முறிந்தது, மூன்று பேர் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தது, எல்லாம் சொல்வார். மகாதேவி அவற்றைக் கேட்டுச் சலித்தவள். அங்கயற்கண்ணி கண் விரியக் கேட்பாள். பாதி புரியாது. ஆனாலும் வீட்டில் ஒருவர் தன்னை உட்காரவைத்துப் பேசுகிறாரே என்று மனம் நிறையும்.

கிணற்றடியில் ஒரு நாள் கமலாவதி விசாரித்தாள். "மாமா எப்பிடி? உன்னோடை நல்ல மாதிரியோ?"

"மாமாவா? தினமும் என்கிட்ட பேசுவாரு."

கமலாவதியின் கையில் கயிறு நின்றது. "பேசுவாரோ? கனகரத்தினம் அண்ணையோ?"

"ஆமாங்க. காலையில உட்கார்ந்தா ஒரு மணி நேரம் பேசுவாரு. நிறுத்தவே மாட்டாரு."

"நீ என்ன செய்வாய்?"

"கேட்டுக்கிட்டே இருப்பேன். பெரியவங்க பேசும்போது குறுக்க பேசலாமா? எங்கப்பாகூட என்கிட்ட இவ்வளவு பேசினதில்ல. நான் குடுத்து வச்சவ."

கமலாவதிக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப மாமி?"

"அத்தையா? அவங்க அதிகமாப் பேசவே மாட்டாங்க."

மதுரையில் பேசுவது என்றால் இரண்டு பேர் வாய் திறந்து உரையாடுவது. மயிலிட்டியில் அதைக் கதைப்பது என்பார்கள். அங்கே பேசுவது என்றால் திட்டுவது. இது அங்கயற்கண்ணிக்கும் தெரியாது, கமலாவதிக்கும் தெரியாது. குடம் நிரம்புவதற்கு முன்பே செய்தி வேலி தாண்டிவிட்டது.

மறுநாள் கரையில் ஒரு கிழவர் கனகரத்தினத்தைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, கடல் கடந்து வந்த பிள்ளை. கொஞ்சம் பொறுத்துப் போம்."

"என்னத்தைப் பொறுக்கிறது?"

"விடியக் காலமையே பேசத் துவங்கிறீராமே."

கனகரத்தினம் திகைத்துப்போனார். மீன் வாங்க வந்த பெண்கள் அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பினார்கள். அதே பெண்கள் மகாதேவியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "உங்களைத்தான் அக்கா நாங்கள் இவ்வளவு நாளும் பிழையா நினைச்சிட்டம். அந்த மனிசனோடை என்ன பாடு பட்டனியளோ!"

"என்ன செய்யிறது? எல்லாம் தலைவிதி," என்று மகாதேவி பெருமூச்சு விட்டாள்.

கனகரத்தினம் நொந்துபோனார். தான் அன்பாகச் சொன்ன கதைகள் மருமகளுக்கு ஏச்சுப்போல இருந்திருக்கின்றன என்று முடிவு செய்தார். அன்றிலிருந்து தேநீரை வாங்கிக் குடிப்பார், கோப்பையை வைப்பார், தலை குனிந்தபடி கரைக்குப் போய்விடுவார்.

அங்கயற்கண்ணிக்கு வீடு இருண்டுபோயிற்று. என்ன தப்புச் செய்தோம் என்று யோசித்து யோசித்துப் பார்த்தாள். கடைசியில் குசினிக்குப் போய் மாமியார் முன்னால் நின்றாள்.

"அத்தை, மாமா இப்ப என்கிட்ட பேசுறதே இல்ல. முன்ன மாதிரி பேசச் சொல்லுங்க. எனக்கு அழுகையா வருது."

மகாதேவி அடுப்பை ஊதுவதை நிறுத்தி மருமகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "பேச வேணுமோ? அதுக்கென்ன, நான் சொல்லிவிடுறன்," என்றாள்.

சொல்லியும் விட்டாள்.

"நான் எப்ப அவளுக்குப் பேசினனான்?" என்றார் கனகரத்தினம், பரிதாபமாக.

"எனக்கென்ன தெரியும்? ஊர் சொல்லுது, பிள்ளையும் சொல்லுது. நீங்கள் பேசாமல் விட்டதிலை அவள் வாடிப்போனாள்."

"அவையின்ரை ஊரிலை மருமகளுக்குப் பேசினால்தான் மரியாதையோ?"

"ஊருக்கு ஊர் ஒரு பழக்கம். தாய் தேப்பனை விட்டிட்டு வந்த பிள்ளை. ஆசைக்கு ஒருக்காப் பேசிவிடுங்கோவன்."

"என்னெண்டு பேசுறது?"

"மூதேவி எண்டு துவங்குங்கோ."

"சீச்சீ! வீட்டுக்கு வந்த லட்சுமியை அப்பிடிச் சொல்லுறதோ?"

"அப்ப எருமை எண்டு சொல்லுங்கோ."

கனகரத்தினம் யோசித்தார். "எருமை பறவாயில்லை. பால் தாற சீவன்."

"எங்கை, ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்."

"எருமை."

"தேவாரம் சொல்லுற மாதிரிக் கிடக்கு. உரத்துச் சொல்லுங்கோ!"

விடிந்தது. அங்கயற்கண்ணி தேநீரோடு வந்தாள். மாமா நிமிர்ந்து தன் முகத்தைப் பார்த்ததும் சந்தோஷமாகச் சிரித்தாள். கனகரத்தினம் கண்ணை இறுக மூடிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினார்.

"எருமை!"

வேலியில் இருந்த காகங்கள் பறந்தன. படலையடியில் சவள் துடுப்போடு காத்திருந்த வள்ளத்து ஆட்கள் இரண்டு பேர் விறைத்து நிமிர்ந்தார்கள். அடுத்து என்ன சொல்வது என்று கனகரத்தினத்துக்குத் தெரியவில்லை. திட்டுவதற்கு ஒரு குற்றம் வேண்டும் என்பதை அவர் யோசித்திருக்கவில்லை. அவசரமாகத் தேநீரை ஒரு வாய் குடித்தார். "சீனி… சீனி காணாது!"

அங்கயற்கண்ணி பதறிப் பின்வாங்கினாள். சீனியைக் காணவில்லையாம். தேநீர் போடுவது அவள் ஒருத்திதான்.

"நான் எடுக்கல மாமா!"

"அதைத்தானே சொல்லுறன்! போ, போய் எடுத்துக்கொண்டு வா!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அறைக்குள் ஓடினாள். கனகரத்தினம் வேர்வையைத் துடைத்தபடி மனைவியைப் பார்த்தார். "காணுமோ?"

"காணும், காணும்," என்றாள் மகாதேவி.

அறைக்குள்ளிருந்து அங்கயற்கண்ணி வந்தபோது கையில் சீனிப் போத்தல் இல்லை, தகரப் பெட்டி இருந்தது.

"எங்கை பிள்ளை வெளிக்கிட்டனீ?" என்றார் கனகரத்தினம் நடுங்கிப்போய்.

இந்தத் தடவை அந்தச் சொல் அவளுக்கு நன்றாகவே புரிந்தது. "எங்க ஊருக்கு. போறதுக்கு முன்ன பாத்துக்கங்க." பெட்டியை முற்றத்தில் கவிழ்த்தாள். சேலைகள், ஒரு சீப்பு, மீனாட்சியம்மன் படம். "இதுல சீனி இருக்கா? நாங்க ஏழைங்கதான் மாமா. திருடினதில்ல."

"ஆர் பிள்ளை களவெண்டு சொன்னது?"

"நீங்கதான! சீனியைக் காணோம்னீங்க!"

"காணாதெண்டெல்லோ சொன்னனான்! இனிப்புக் குறைவெண்டு!"

அவள் அழுகையை நிறுத்தினாள். "காணாதுன்னா பத்தாதுன்னு அர்த்தமா?"

"ஓம்."

"அப்ப சோறு காணுமோன்னா?"

"போதுமோ எண்டு கேக்கிறது."

அங்கயற்கண்ணி வெறும் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். சாப்பிட்ட சோறெல்லாம் ஒரு கணம் கண்முன் வந்து போயிற்று. பிறகு கேட்டாள்: "எருமைன்னு ஏன் திட்டினீங்க?"

"நீதானே பிள்ளை பேசச் சொன்னனீ!"

"பேசத்தான சொன்னேன்? திட்டவா சொன்னேன்? நாம இப்ப பேசிக்கிட்டிருக்கோமே, இந்த மாதிரி."

"இது கதைக்கிறதெல்லோ!" என்று கத்திய கனகரத்தினம், சொல்லி முடிப்பதற்குள் சிரிக்கத் தொடங்கிவிட்டார். சிரித்துக்கொண்டே அழுதார். "என்ரை சீவியத்திலை நான் ஒருத்தருக்கும் பேசினதில்லைப் பிள்ளை. முதன்முதலாப் பேசினது உனக்குத்தான்."

மகாதேவி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அட கோதாரி! உந்தச் சொல்லுக்கு உப்பிடியும் ஒரு கருத்திருக்கோ? உங்கடை ஊர்த் தமிழ் எனக்கு என்னெண்டு விளங்கும்?" என்றபடி சேலைகளைப் பொறுக்கி மடித்து, பெட்டியைத் தானே அறைக்குள் கொண்டுபோய் வைத்தாள்.

அன்று காலை கனகரத்தினம் கரைக்குப் பிந்தித்தான் போனார். முல்லைத்தீவுப் புயலை மறுபடியும் முதலிலிருந்து சொல்லவேண்டியிருந்தது.

வீட்டுக்குள் எல்லாம் தெளிந்துவிட்டது. ஊரில் தெளியவில்லை. படலையடியில் நின்ற இரண்டு பேரும் காதால் கேட்டதைக் கரை முழுவதும் சொல்லிவிட்டார்கள். ஆட்கள் நேரத்துக்கு வந்தார்கள், வலையைப் பார்த்து இழுத்தார்கள். கனகரத்தினம் இருமினாலே எழுந்து நின்றார்கள். "நான் அப்பிடியான ஆள் இல்லை," என்று அவர் போய்ச் சொன்னபோது, "ஓம் அண்ணை, ஓம் அண்ணை," என்று நடுங்கினார்கள். மகாதேவி கரையில் சத்தம் போடவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. ஊர்ப் பெண்கள் அவளுக்கு முருங்கைக்காயும் முட்டையும் கொண்டுவந்து கொடுத்து ஆறுதல் சொன்னார்கள்.

தேவராசா வருவதாகச் சொல்லியிருந்த அன்று, அவனைக் கூட்டிவர மாமியாரும் மருமகளும் யாகப்புவின் காரில் காங்கேசன்துறை ரயில் ஸ்ரேசனுக்குப் போனார்கள். வழியில் வெற்றிலை வாங்க மகாதேவி இறங்கிக் கடைக்குள் போனாள்.

அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த அங்கயற்கண்ணிக்கு மனம் இளகிவிட்டது. "பாவம் எங்க அத்தை. வாய் நிறையக் கதைக்கணும்னு அவங்களுக்கு ஆசைதான். ஆனா நான் பேசுற தமிழ் அவங்களுக்கு ஒண்ணுமே புரியல," என்றாள்.

யாகப்பு பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "ஆருக்கு, மகாதேவி அக்காவுக்கோ? நல்ல பகிடி தங்கச்சி! யாழ்ப்பாணத்திலை எந்த இந்தியப் படம் வந்தாலும் முதல் ஆட்டத்துக்கு அவவை ஏத்திக்கொண்டு போறது நான்தான். எனக்கு உங்கடை தமிழ் விளங்காதெண்டு, படம் முடியும் வரைக்கும் சொல்லுக்குச் சொல்லு கருத்துச் சொல்லுறது ஆர் எண்டு நினைக்கிறியள்?"