தொண்ணூறாம் நாள் கரையும் வாஷர்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே உங்கள் அத்தை நலம். நானும் நலம்தான், ஆனால் என் நலத்துக்கு இன்னும் இருபத்தொன்பது நாள்தான் கெடு. அங்கே தாங்களும் என் மகளும் வரப்போகும் சின்னவரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். பிரசவத் தேதிக்கு இரண்டு நாள் முன்பே இருவரும் வந்துவிடும்படி எழுதியிருந்தீர்கள். அத்தை வருவாள். நான் வருவதற்கில்லை. காரணத்தைத் தங்களுக்கு மட்டும் சொல்கிறேன், என் மகளுக்குத் தெரிய வேண்டாம். அவளிடம் மாடித் தண்ணீர்த் தொட்டியில் வேலை இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன் நெஞ்சில் லேசாகப் பிடித்தது. வாயு என்றேன். உங்கள் அத்தை கேட்கவில்லை. இதய டாக்டர், தொடையிடுக்கில் ரத்தக்குழாயில் ஒரு துளை போட்டு, அது வழியாக மெல்லிய குழல் ஒன்றை இதயம் வரை அனுப்பிப் பார்க்க வேண்டும் என்றார். நான் முப்பத்து நான்கு வருடம் குடிநீர்க் குழாய்ப் பிரிவில் இருந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன். நான் அடைக்காத ஓட்டை இல்லை. ஆகவே துளை போடுவதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை, அதை எப்படி அடைப்பீர்கள் என்றுதான் கேட்டேன். அவர் பளபளப்பான ஒரு பெட்டியைக் காட்டினார். உள்ளே மாட்டுத் தோலிலிருந்து எடுத்த புரதத்தில் செய்த சின்னத் தக்கை இருக்கிறதாம்.

"இதை வச்சு அடைச்சிடுவோம். தொண்ணூறு நாள்ல தானா கரைஞ்சிடும்" என்றார்.

மாப்பிள்ளை, அது தோல் வாஷர். பெட்டி பளபளவென்று இருந்தால் தோல் வாஷர் இல்லையென்று ஆகிவிடுமா? கரைகிற வாஷரை எவனாவது குழாயில் போடுவானா? போட்டிருந்தால் அவனுக்கு நானே மெமோ கொடுத்திருப்பேன். "கரைஞ்சிட்டா ஒழுகாதா?" என்று கேட்டேன். "அதுக்குள்ள குழாயே ஆறி மூடிக்கும்" என்றார். முப்பத்து நான்கு வருடத்தில் தானாக ஆறிய குழாய் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. "சரி, அடைக்கும்போது வால்வை எங்க மூடுவீங்க?" என்றேன். "மூட மாட்டோம். மூடினா நீங்க இருக்க மாட்டீங்க" என்றார். அதற்கு மேல் என்ன கேட்பது?

பார்த்தார்கள். இதயக் குழாய்கள் எல்லாம் சுத்தம். அதாவது, நல்ல குழாயில் ஓட்டை போட்டு, மற்ற குழாய்களும் நல்ல குழாய்கள்தான் என்று கண்டுபிடித்தார்கள். டாக்டர் கடைசியில் என்னிடம் ஏதோ சொன்னார். நான் வால்வைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்ததால் சரி சரி என்று தலையாட்டிவிட்டேன். பிறகு ஒரு டெக்னீஷியன் வந்தார். கதவு நிலை அளவுக்கு ஆள். வாஷர் இறுகுவதற்காக இருக்கும், என் தொடையிடுக்கில் மூன்று விரலை வைத்துத் தன் முழு எடையையும் இறக்கி இருபத்தைந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றார். "அசையாதீங்க ஐயா, பேசாதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் பேச ஆரம்பித்தார்.

"எங்க வீட்டுச் சமையலறைக் குழாய் சொட்டிக்கிட்டே இருக்குங்க. மூணு பேர் வந்து மூணு வாஷர் மாத்திட்டாங்க, நிக்கலை. வீட்டுக்காரி கீழ டப்பா வச்சுப் பிடிக்கிறா."

கோளாறு வாஷரில் இல்லை, அது உட்காரும் சீட்டிங் தேய்ந்திருக்கிறது. எனக்கு விடை தெரியும், வாய் திறக்கக் கூடாது. இதைவிடக் கொடுமை வேறு உண்டா? முடிந்ததும் அவர் விரல்களை மடக்க முடியாமல் உதறி உதறிக் காட்டினார். நடிப்பு. எனக்கோ அந்த இடம் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தது. அவர் பேரில் இரண்டு பக்கம் புகார் எழுதிப் போட்டேன். தக்கை வைக்கப்பட்டவர்களுக்கு அதன் விவரம் எழுதிய ஓர் அட்டை கொடுப்பார்கள், பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்தார்கள். நான் கேட்டதற்கு நர்ஸ், "உங்களுக்கெல்லாம் அட்டை கிடையாதுங்க" என்றார். அதையும் புகாரில் சேர்த்தேன்.

இருமினாலும் தும்மினாலும் சிரித்தாலும் அந்த இடத்தைக் கையால் அழுத்திக்கொள்ள வேண்டும் என்றார்கள். எத்தனை நாளைக்கு என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றோடு அறுபத்தொரு நாள். தபால் நிலைய வரிசையில் எனக்குத் தும்மல் வந்தது, என் கை போன இடத்தைப் பார்த்துவிட்டு முன்னால் நின்ற அம்மாள் தன் முறையையே எனக்கு விட்டுவிட்டுப் போய்விட்டார். முடிவெட்டுகிறவர் கழுத்தில் ஊதினார், கூசிச் சிரிப்பு வந்தது, போர்வைத் துணிக்குள் என் கை பாய்ந்த வேகத்தில் பயந்துபோய் அரைத் தலையோடு எழுப்பிவிட்டார், மீதி அரைத் தலையை உங்கள் அத்தைதான் வெட்டினாள், வெட்டிக்கொண்டே, "இப்படிப் பிடிச்சிக்கிட்டே எத்தனை நாள் வாழப் போறீங்க?" என்று கேட்டாள். குடியிருப்போர் சங்கப் புகைப்படத்தில் எல்லோரும் கைகட்டி நிற்கிறார்கள், சிரிக்கச் சொன்னதால் நான் மட்டும் அந்த இடத்தை அழுத்திக்கொண்டு நிற்கிறேன், அதை லிஃப்ட் பக்கத்தில் மாட்டியும் விட்டார்கள். மறுபரிசோதனைக்குப் போனபோது ஒரு சின்ன டாக்டர் இருந்தார். "கரைஞ்ச பிறகு அந்த இடத்துல என்ன இருக்கும்?" என்று கேட்டேன். "ஒண்ணும் இருக்காது சார்" என்றார், ஃபைலைத் திறக்காமலேயே. நான் பயந்ததும் அதுதானே.

தொண்ணூறாம் நாளும் என் மகளின் பிரசவத் தேதியும் ஒரே நாள். குழந்தையைக் கையில் வாங்கும் நேரம் பார்த்து வாஷர் விட்டுவிட்டால் என்ன செய்வது? அவள் தினமும் போனில், "அப்பா, நீங்க பக்கத்துல இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்பா" என்கிறாள். நான் தொட்டியைப் பற்றிப் பேசுகிறேன். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. குழாயைப் பற்றி ஒன்றும் தெரியாதவனாக இருந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

தங்கள் வீட்டில் எந்தக் குழாயும் சொட்டாமல், எந்தக் குறையும் இல்லாமல், தலைமுறை தழைத்து வாழ ஆசீர்வதிக்கும்,
தங்கள் மாமனார்.

பி.கு.: உறையை ஒட்டுமுன் உங்கள் அத்தை இதை வாங்கிப் படித்தாள். படித்ததும் பீரோவிலிருந்து மருத்துவமனை ஃபைலை எடுத்து வந்தாள். முதல் பக்கத்தில் இதயம் நன்றாக இருக்கிறது என்று பார்த்ததும் நான் மூடி வைத்த ஃபைல். இரண்டாம் பக்கத்தை அவள் உரக்கப் படித்தாள். தொடைக் குழாய் குறுகலாக இருந்ததால் தக்கை வைக்கவில்லையாம். கையால் அழுத்தியே இருபத்தைந்து நிமிடத்தில் ரத்தம் நின்றதாம். வாஷரே கிடையாது மாப்பிள்ளை, பெட்டியைப் பிரிக்கவே இல்லை. என்னை அடைத்தது அந்த மனிதரின் மூன்று விரல். வால்வை மூடாமல், ஓடுகிற லைனில், வெறும் கையால். நான் அதுபோல ஒரு வேலை செய்ததில்லை. விரலை உதறியது நடிப்பில்லை என்று இப்போது தெரிகிறது, வெட்கமாக இருக்கிறது. ஆகவே மேலே எழுதியதில் நலம் விசாரித்ததையும் ஆசீர்வாதத்தையும் தவிர மற்றதெல்லாம் ரத்து. இருவருமாக வருகிறோம், தொட்டி வேலை முடிந்துவிட்டது என்று என் மகளிடம் சொல்லிவிடுங்கள். நான் இப்போது புகாரைத் திரும்ப வாங்க மருத்துவமனைக்குக் கிளம்புகிறேன். பையில் ஸ்பேனரும் சீட்டிங் தேய்க்கும் கருவியும் இருக்கின்றன. அந்த ஆள் வீட்டுக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கும்.