மூன்று வீட்டில் கருகிய கறி

விழா மலர்களில் வரும் வாழ்த்துச் செய்திகளை ஒருவரும் வாசிப்பதில்லை. செய்தி கொடுத்தவர் தன் படம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். மற்றவர்கள் அந்தப் பக்கங்களை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். இந்த உண்மையை நம்பித்தான் பத்து வருடத்துக்கு முன் நான் நாசமாகப் போனேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகிற வீதியில் இருக்கும் ஒரு சிறிய பதிப்பகத்தில் அச்சுப்பிழை திருத்துகிற வேலை. (சேர்ந்து எட்டு மாதம்தான். ஆனால் தமிழைத் தாங்கிப் பிடிப்பதே நான்தான் என்று ஒரு நினைப்பு.) பதிப்பகத்தைத் தொடங்கியவரை ஊரே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். படிப்பித்த வேலையை இளவயதிலேயே விட்டுவிட்டு, பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் போட வந்தவர். அந்த வருடம் பதிப்பகத்துக்கு ஐம்பது வயது. மூன்று நாள் விழா. கவியரங்கம், புத்தகக் கண்காட்சி, கடைசி நாள் மலர் வெளியீடு. மலர் வேலையை மாஸ்டர் என்னிடம் தந்தார். 'மலராசிரியர்' என்று என் பெயர் அச்சில் வரப்போகிறது. சாம்பல்தீவில் இருக்கும் அம்மாவுக்கு அன்றே சொல்லி, நல்ல சேலை உடுத்திக்கொண்டு வரச் சொன்னேன்.

மலருக்கு மூன்று பெரியவர்களின் செய்தி வேண்டும்: கோயில் குருக்கள் ஐயா, தேவாலயத்துப் பாதர், கிண்ணியாவில் முஸ்லிம் பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர். மூவரும் பேசிவைத்தது போல ஒன்றையே சொன்னார்கள். "நீங்களே எழுதுங்கோ பிள்ளை, நான் கையெழுத்து வைக்கிறன்." இது எங்கள் ஊர் வழக்கம், அவர்களில் பிழை இல்லை.

குருக்கள் ஐயாவின் செய்தியை எழுத உட்கார்ந்தேன். 'தமிழ்ப்பணி', 'அளப்பரிய சேவை' என்று இரண்டு வரி போனதும் சரக்குத் தீர்ந்துவிட்டது. அதனால் என் சொந்தக் கதையையே எடுத்தேன். சின்ன வயதில், மாஸ்டர் போட்ட கதைப் புத்தகம் ஒன்றைக் கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்து வாசித்து அம்மாவிடம் பிடிபட்டேன். அம்மா ஏசிவிட்டு, புத்தகத்தைப் பறித்துக்கொண்டு குசினிக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், அடுப்பில் சட்டி ஒரு பக்கம், புத்தகத்தோடு அம்மா ஒரு பக்கம். அன்று மத்தியானச் சமையல் பாழ். இதைக் கொஞ்சம் மெருகேற்றி, தேவாரப் புத்தகம், கருகிய பருப்பு என்று குருக்கள் ஐயாவுக்கு எழுதிவிட்டேன்.

மாஸ்டர் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஐயா இதை உங்களுக்குச் சொன்னவரோ?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

"இதுக்காகத்தான் பிள்ளை நான் அம்பது வருசம் புத்தகம் போட்டனான்."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். என் எழுத்து ஒரு மனிதரை அழவைத்துவிட்டது என்ற பெருமையில் வாயை மூடிக்கொண்டேன்.

மற்ற இரண்டையும் எழுதுவதற்குள், பக்கங்கள் எங்கே என்று அச்சகத்திலிருந்து ஆள் வந்துவிட்டார். ஒருவரும் வாசிக்கப்போவதில்லையே. பாதருக்கு ஞானோபதேசப் புத்தகம், மீன் கறி. அதிபருக்குக் கணக்குப் புத்தகம், இறைச்சிக் கறி. அம்மாவும் அடுப்பும் மூன்றிலும் அப்படியே இருந்தன. கையெழுத்து வாங்கப் போனபோது மூவரும் வாசிக்காமலே வைத்தார்கள்.

இதோடு நின்றிருந்தால் தப்பியிருப்பேன். பெரியவர்கள் பேச்சை நீட்டி முழக்குவார்களே என்று மாஸ்டர் கவலைப்பட்டபோது, மலரில் உள்ள தங்கள் செய்தியையே வாசிக்கட்டும் என்று யோசனை சொன்னவளும் நான்தான். (சொல்லும்போது அதில் ஒரு ஆபத்தும் தெரியவில்லை. என் மூளை அப்படி.)

விழா அன்று, வாசலில் கட்டிய வாழையில் பாதியை எங்கள் ஊர் வீதிகளில் திரியும் மான்கள் தின்றுவிட்டிருந்தன. மற்றபடி ஒரு குறையும் இல்லை. மண்டபம் நிறைந்த சனம். இரண்டாவது வரிசைக் கதிரையில் அம்மா. குருக்கள் ஐயா முதலில் வாசித்தார். அவரே அதை அன்றுதான் முதன்முதலாக வாசிப்பதால், பருப்புக் கருகிய இடத்தில் அவருக்கே குரல் தழுதழுத்தது. சனம் உருகியது. மாஸ்டர் கண்ணைத் துடைக்க லேஞ்சியை எடுத்தார். அம்மா மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னைத் தேடினார். அடுத்தது பாதர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பாதர் உற்சாகமாகத் தொடங்கினார். ஞானோபதேசத்துக்குள் கதைப் புத்தகம் போனதும் வேகம் குறைந்தது. செய்தியில் வரும் அம்மா குசினிக்குப் போனதும் குருக்கள் ஐயாவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் மீனைக் கருக்கி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அங்கும் இங்குமாகச் சிரிப்புக் கிளம்பியது. மாஸ்டர் லேஞ்சியை மெதுவாக மடித்துப் பைக்குள் வைத்தார். நான் மலர்க் கட்டுகளுக்குப் பின்னால் குந்திவிட்டேன். வேலை போனால் போகட்டும். ஐம்பது வருட உழைப்புக்குக் கிடைத்த ஒரே பரிசு பொய் என்று அந்த மனிதருக்குச் சபை நடுவில் தெரிந்துவிட்டதே என்றுதான் இருந்தது.

அதிபர் எழுந்தார். மலரைத் திறந்து, கண்ணை ஓட்டி, மூடினார்.

"ஐயாட வீட்டில பருப்பு, பாதர்ட வீட்டில மீன். எங்கட வீட்டில இறைச்சி கருகினதாம். எங்கட உம்மாவுக்கு வாசிக்கவே தெரியாது. ஆனா இதை எழுதின பிள்ளைட வீட்டில கட்டாயம் ஏதோ கருகித்தான் இருக்கு. அந்த உம்மா இங்க இருக்காவா?"

அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார்.

"எழுதினது என்ட பிள்ளைதான் சேர். ஆனா ஒண்டும் கருகேல்ல. அது தேங்காய்ப்பால் சொதி. சொதி கருகாது, திரையும். புத்தகத்தில வாற பெட்டை வீடு போய்ச் சேர்ந்தவளோ எண்டு தெரியாம, நான் என்னெண்டு சொதியத் துழாவிக்கொண்டு நிக்கிறது?"

மண்டபம் சிரித்து அடங்க வெகுநேரம் ஆனது. மாஸ்டர் சிரிக்கவில்லை. மேடையை விட்டு இறங்கி அம்மாவிடம் வந்தார்.

"உண்மையா திரைஞ்சதோ?"

"ஓம் மாஸ்டர். இவளின்ட அப்பா அண்டைக்கு வெறும் சம்பலோட சாப்பிட்டவர்."

மலரின் முதற் பிரதியை அவர் அம்மாவின் கையில் கொடுத்தார். லேஞ்சி திரும்பவும் வெளியே வந்தது. எனக்கு மறுநாள் கிடைத்த ஏச்சை இங்கே எழுதினால் மலராசிரியர் பட்டத்துக்கு இழுக்கு.

இந்த வருடம் அறுபதாவது ஆண்டு. மலர் வேலை மறுபடியும் எனக்குத்தான். ஆனால் செய்திகளைப் பெரியவர்கள் தங்கள் கைப்பட எழுதித் தரவேண்டும் என்பது மாஸ்டரின் கட்டளை. (இந்த முறை தனக்கு என்ன கறி என்று அதிபர் தொலைபேசியில் கேட்டார்.) வீட்டில் நான் எதையாவது கொஞ்சம் கூட்டிச் சொன்னால், என் சின்ன மகள்கூட "சொதி கருகாது அம்மா" என்கிறாள்.

போன கிழமை பழைய மலரைத் தேடி அம்மாவின் அலுமாரியைத் திறந்தேன். வாழ்த்துச் செய்திகளை ஒருவரும் வாசிப்பதில்லை என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா? ஒரு ஆள் வாசித்திருக்கிறார். மூன்று பக்கத்திலும் சிவப்புப் பேனையால் பருப்பு, மீன், இறைச்சி எல்லாவற்றையும் வெட்டி 'சொதி' என்றும், 'கருகியது' என்பதை வெட்டி 'திரைந்தது' என்றும் திருத்தியிருந்தார். மலராசிரியர் என்ற இடத்தில் என் பெயருக்குக் கீழே அம்மாவின் கையெழுத்தில் இருந்தது: 'கவனம் போதாது.'