தகிருக்கும் ஹிஸ்ரிக்கும் ஜோடி போட வேண்டாம்

மகச்கலா,
புதன்கிழமை.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மூசா அண்ணன் அவர்களுக்கு,

தம்பி சுராகத் சலாம் சொல்லி எழுதுவது. உங்கள் முதுகுவலி குறைந்திருக்கும், அண்ணி சுகமாக இருப்பார், மாஸ்கோ குளிர் உங்களை அதிகம் வாட்டாமல் இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உண்மையில் ஒருவரும் நலமில்லை. போனில் சொல்லியிருப்பேன். ஆனால் காது மந்தமானதிலிருந்து நான் போனில் கத்தித்தான் பேசுகிறேன், தெருவுக்கே கேட்கிறது. அதனால் நாளைக் காலை விமானம் ஏறும் பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை என் மகள் பாரியத்துக்குக் கல்யாணம், நீங்களும் வருகிறீர்கள். மண்டபம் பேசியாயிற்று, எண்ணூறு பேரை அழைத்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குத் துணிமணியும் நகையும் வைத்துக் கொண்டுவரும் பெட்டி திங்கட்கிழமையே வந்திருக்க வேண்டும், இன்னும் வரவில்லை. அதற்குக் காரணம் நீங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், மீதிக் காரணம் நான். கூண்டுச் சண்டைக்கு யாரோடு யாரை மோதவிடுவது என்று ஜோடி போடுவது உங்கள் உத்தியோகம். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் போயும் போயும் என் மகன் தகிரையும், மாப்பிள்ளையின் தம்பி ஹிஸ்ரியையுமா அபுதாபியில் மோதவிட வேண்டும்? இருவரும் எழுபது கிலோ. யாராவது ஒருவன் இரண்டு ரொட்டி கூடச் சாப்பிட்டிருந்தால் இந்த வம்பே இல்லை. பதில் சொல்ல வெள்ளிக்கிழமை வரை கெடு என்று உங்கள் அலுவலகம் எழுதியிருக்கிறது.

நம் மண்ணின் பிள்ளைகள் ஒருவரோடொருவர் கூண்டில் மோத மாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். இரண்டு பேரும் முடியாது என்று சொல்லியிருப்பார்கள், விஷயம் என் டயர் கடையில் வாய்ச்சண்டையாகவே முடிந்திருக்கும். போன சனிக்கிழமை சம்பந்தி பகந்த் மண்டப விஷயம் பேச வராமல் இருந்திருந்தால் அப்படித்தான் முடிந்திருக்கும். பூண்டுக் குழம்போடு ஹின்கல் வைத்து உபசரித்தோம். இரண்டாவது தட்டு ஆனதும் அவர் விளையாட்டாகக் கேட்டார்.

"என்ன சம்பந்தி, ரெண்டு பயலும் மோதினா யாரு ஜெயிப்பா?"

வீட்டுக்கு வந்த விருந்தாளி. நான் வேறென்ன சொல்வேன்? "இதென்ன கேள்வி? உங்க ஹிஸ்ரிதான். காலைப் புடிச்சான்னா ஒரே இழுப்புல தரைக்குக் கொண்டுவந்துடுவானே."

"அட போங்க. தகிர் விழுந்த வேகத்துல எந்திரிச்சுடுவான். அவன் வலது கையில ஒண்ணு வாங்கினா நம்ம பயலுக்கு வீட்டு விலாசமே மறந்துடும்."

"வலது கை சரி. இடது கை? அது சட்டைக்குள்ள நுழைக்கறதுக்குத்தான் இருக்கு!"

"அப்படிச் சொல்லாதீங்க சம்பந்தி."

"இல்லீங்க, மூணாவது ரவுண்டுல பாருங்க, நாக்கு வெளிய தள்ளிடும் அவனுக்கு."

முறைப்படி இங்கே அவர் மறுக்க வேண்டும். மனிதர் கையிலிருந்த ஹின்கலைத் தட்டில் வைத்தார், யோசித்தார், தலையை ஆட்டினார். "ஆமா, அது வாஸ்தவம்தான். நானும் கவனிச்சிருக்கேன்."

அண்ணா, என் பிள்ளையை நான் குறை சொல்லலாம். அதை அவர் ஒப்புக்கொள்ளலாமா? "அப்ப உங்க பையன் மூஞ்சில அடி விழறதுக்கு முன்னாடியே கண்ணை மூடிக்கறதையும் கவனிச்சிருப்பீங்களே?" என்று கேட்டுவிட்டேன். அவர் தேநீரைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து இரண்டு வீட்டிலும் மறுப்புச் சொல்ல ஆளில்லை. முதலில் மறுப்பவன் பயந்தவன் என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. கடையில் ஒரு வாடிக்கையாளர் ஹிஸ்ரிக்குக் கழுத்துப்பிடி வராது என்ற பேச்சைப் பொறுக்க முடியாமல், கழற்றிய நான்காவது சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வேறு கடைக்கு நடந்தார். கார் இன்னும் என் வாசலில்தான் நிற்கிறது. என் மனைவி என்னோடு பேசுவதில்லை. பாரியத் ஒரே ஒரு தடவை பேசினாள். "கல்யாணம் எனக்காப்பா, இல்ல அவங்க ரெண்டு பேருக்குமா?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போனவள்தான், அழுது அழுது முகம் வீங்கிக் கிடக்கிறாள்.

எல்லாவற்றையும் விடத் தகிர்தான் என்னை வதைக்கிறான். சனிக்கிழமை நான் அப்படிப் பேசியபோது தேநீர்க் கெண்டியோடு கதவருகே நின்றிருக்கிறான். "நான் அந்தச் சண்டைக்குப் போறேன்பா" என்றான். "ஹிஸ்ரி உன்னை என்னடா பண்ணான்?" என்று கேட்டேன். "ஹிஸ்ரிக்காக இல்லப்பா" என்றான். நாலு நாளாகக் கொல்லையில் மணல் மூட்டையை இடது கையால் மட்டும் குத்திக்கொண்டிருக்கிறான். இதை எழுதும்போதும் அந்தச் சத்தம் கேட்கிறது. காது மந்தமானவனுக்கு இது மட்டும் எப்படிக் கேட்கிறதோ தெரியவில்லை.

பெற்ற பிள்ளையை நாலு பேர் முன்னால் புகழக் கூடாது என்று நம் அப்பாக்கள் இருந்தார்கள், நாமும் இருந்தோம். இருபத்து நாலு வருஷத்தில் நான் அவனை ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன். மோதினால் தகிர்தான் ஜெயிப்பான். ஹிஸ்ரி தூரத்திலிருந்தே காலுக்குப் பாய்கிறவன், நம் பையன் இடுப்பைப் பின்னால் தள்ளி அமுக்கிவிடுவான். மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்கப் போவது ஹிஸ்ரிக்குத்தான். அந்த இடது கை சோப்ளாங்கி இல்லை, அவன் அதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறான். இப்படி ஒரு பிள்ளை கிடைக்க நான் என்ன நன்மை செய்தேன் என்று தெரியவில்லை அண்ணா.

ஆகவே உங்கள் கையைப் பிடித்துக் கேட்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் நீங்களே அந்த ஜோடியை ரத்து செய்துவிடுங்கள். ஹிஸ்ரிக்கு ஒரு பிரேசில்காரனைக் கொடுங்கள், தகிருக்கு ஒரு போலந்துக்காரனைப் பாருங்கள். யாரும் மறுத்ததாக ஆகாது, பெட்டியும் வந்துவிடும், என் மகள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

உங்கள் வீட்டில் விருந்தாளி குறையாமலும் உங்கள் முதுகில் வலி தங்காமலும் இறைவன் பார்த்துக்கொள்வானாக. அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் சலாம்.

உங்கள் தம்பி,
சுராகத்

பி.கு.: மேலே கேட்ட எதையும் நீங்கள் செய்ய வேண்டாம். அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால், சமையலறையில் இந்தக் கடிதமும் கையுமாகத் தகிர் நிற்கிறான். "அடுத்தவங்க கடுதாசியைப் படிக்கலாமாடா?" என்று அதட்டினேன். "என் பேரு இருந்துச்சுப்பா" என்றான். கடிதத்தை ஒழுங்காக மடித்து என் கையில் கொடுத்தான். பிறகு என் எதிரிலேயே போனை எடுத்தான். "ஹிஸ்ரி, நான் சண்டைக்கு வரலடா. முதல்ல மாட்டேன்னது நான்தான்னு ஊரெல்லாம் சொல்லிக்க." அந்தப் பக்கம் ஹிஸ்ரி போட்ட சந்தோஷக் கூச்சல் எனக்கே கேட்டது. ஒரு மணி நேரத்தில் பகந்த் பெட்டியைத் தானே சுமந்துகொண்டு வந்துவிட்டார். இப்போது மூன்றாவது தட்டு ஹின்கலில் இருக்கிறார். பாரியத் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இனி இந்தக் கடிதத்துக்கு அவசியமில்லை. ஆனால் அனுப்பியாச்சா, அனுப்பியாச்சா என்று தகிர் இரண்டு தடவை கேட்டுவிட்டான். அதனால் அனுப்புகிறேன். சண்டை தெரிந்த நீங்கள், தகிர்தான் ஜெயிப்பான் என்று நான் எழுதிய இடத்தைப் படித்துச் சிரித்திருப்பீர்கள். ஹிஸ்ரியின் சண்டைகளைச் சனிக்கிழமையிலிருந்து பதினேழு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். இரண்டாவது சுற்றிலேயே தகிரின் முதுகில் ஏறிக் கழுத்தைப் பிடித்திருப்பான் அந்த ஹிஸ்ரி. ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்தில் தகிர் உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார் என்று கேட்பான். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் அண்ணா, உன் அப்பன் எழுதினதுதான் சரி என்று.