தாடைக்கடியில் ஒரு முடிச்சு

ஹெல்லெவோகன்,
வியாழக்கிழமை

என் மனைவியின் உடன்பிறந்த தம்பியும் நம் ஊர் முக்குளிப்போர் சங்கத்தின் தலைவருமான திரு. ஆஸ்முண்ட் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் தோர்லைவ் மரியாதையுடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அக்கா குன்வோரும் நலம். உங்கள் நலத்தை நான் விசாரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை படகுத்துறையில் நீங்கள் சிரித்த சிரிப்பை நேரில் பார்த்தவனுக்கு அதில் சந்தேகம் வராது.

நம் ஃபியோர்டு கடலோடு சேரும் இடத்தில் மூழ்கிக் கிடக்கும் நிலக்கரிக் கப்பலைப் பற்றி மாவட்ட மலரில் கட்டுரை எழுதியவன் நான். அதன் மாலுமி அது மூழ்கிய அன்று குடித்திருந்தானா இல்லையா என்று ஆவணக் காப்பகத்தில் தூசி தின்று கண்டுபிடித்தவன் நான். அந்தக் கட்டுரையில் நீங்கள் மீன் பொதிந்தீர்கள். ஆனால் கோடைக்குக் கோடை அந்தக் கப்பலைக் கண்ணால் காண்பவர் நீங்கள். நான் ஒருமுறைகூடக் கண்டதில்லை. என்னையும் கூட்டிப்போகக் கேட்டதற்கு, "நாப்பது மீட்டர் ஆழம் அத்தான். ஒரே காத்து சிலிண்டரோட வந்து அது மக்கர் பண்ணுச்சுன்னா, அங்கேருந்து சட்டுன்னு மேல ஓடி வர முடியாது. எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா மாட்டிட்டு வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றீர்கள். உங்கள் கல்யாண விருந்தில் என்னைச் சமையலறைக் கதவருகே உட்காரவைத்தபோதும் இப்படித்தான் இனிமையாகப் பேசினீர்கள். அதை நான் எப்போதோ மறந்துவிட்டேன். இதை எழுதுவதற்காகத்தான் நினைவுபடுத்திக்கொண்டேன்.

சரி, மாட்டினேன். குளிர்காலம் முழுக்க எங்கள் சாப்பாட்டு மேசை பட்டறையாகி, குன்வோர் ஜன்னல் விளிம்பில் வைத்து ரொட்டி வெட்டினாள். இரண்டு சிலிண்டர், இரண்டையும் மேல்முனையில் இணைக்கும் குழாய், ஒரு பக்கம் காற்று பீறிட்டால் மறுபக்கத்தைக் காப்பாற்ற நடுவில் ஒரு திருகு, வாயில் கவ்வி மூச்சுவிட இரண்டு ரெகுலேட்டர். நீளக் குழாயில் இருப்பது என் வாயில், குட்டைக் குழாயில் இருப்பது தாடைக்கடியில் ஒரு ரப்பர் கயிற்றில். அதுவரை நமக்குள் சண்டையில்லை. பக்கத்தில் நீந்துபவனுக்குக் காற்று தீர்ந்தால், என் வாயில் இருப்பதை எடுத்து அவனுக்குக் கொடுத்துவிட்டு, நான் தாடைக்கடியில் இருப்பதைக் கவ்விக்கொள்ள வேண்டும் என்றீர்களே, அங்கேதான் வந்தது. நான் பார்த்துப் பார்த்துக் கழுவித் துடைத்த ரெகுலேட்டர், நாளெல்லாம் உதட்டுக்கடியில் புகையிலை அடக்கும் உங்கள் வாய்க்கா? "உங்க வாய்ல இருக்குறது வேல செய்யுதுன்னு உங்களுக்கே தெரியும்ல, அதான் அதைக் குடுக்கணும். காத்து இல்லாதவன் பதறுவான், அவனுக்கு நீளக் குழாய் வேணும்" என்று விளக்கினீர்கள். நான் சரித்திர ஆசிரியன். கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டு நின்ற ராஜாக்களின் கதி என்ன என்று ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன். வேண்டுமென்றால் வருபவன் தாடைக்கடியில் இருப்பதை எடுத்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தேன். அதையும் கேட்காமல் உருவிக்கொண்டு போய்விடக் கூடாதே என்று, இழுத்தால் நழுவிவிடும் அந்த ரப்பரைத் தூக்கியெறிந்துவிட்டு, படகு கட்டும் கயிற்றில், இலையுதிர்காலப் புயலுக்கே அவிழாத முடிச்சாகப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். ஒத்திகை என்று படகுத்துறைக்கடியில் இறக்கினாய். சங்கத்தார் அத்தனை பேரும் மேலே வாஃபிள் தின்றுகொண்டு நின்றார்கள். நீ கழுத்தை அறுப்பதுபோல் கையை இழுத்துக் காட்டினாய், காற்று இல்லையாம். என் வாயை நோக்கிக் கை நீண்டது. நான் மாட்டேன் என்று தலையை ஆட்டி, தாடையைத் தூக்கிக் காட்டினேன். நீயும் வேறு வழியில்லாமல் அதைக் கவ்வினாய். முடிச்சு நழுவவில்லை. குழாயும் நீளவில்லை. பின்வாங்கலாம் என்று பார்த்தால் உன்னோடு என் கழுத்தும் வருகிறது. மூக்கோடு மூக்கு, கண்ணாடியோடு கண்ணாடி, நீ விட்ட குமிழியெல்லாம் என் முகத்தில். கவிழ்ந்துவிடாமல் இருக்க உன் இடுப்பை நான் பிடிக்க, என் தோளை நீ பிடிக்க, சுற்றிச் சுற்றி மேலே வந்தோம். வந்த இடத்தில் சங்கப் பொருளாளர் பெர்க்லியூட் அம்மாள் கேமராவோடு நின்றார். "அத்தான், உங்க கல்யாணத்துல அக்காவக்கூட நீங்க இவ்ளோ இறுக்கிப் பிடிச்சு ஆடலியே!" என்று நீ கேட்டதும், அந்த அம்மாள், "ஐயோ பாவம், பிரிச்சு விட்றாதீங்க, அழகா இருக்கு" என்றதும், அந்தப் படம் இப்போது சங்கக் கூடத்தில் காப்பிக் கெட்டிலுக்கு மேலே தொங்குவதும் நான் மறக்கக்கூடியவையா?

இத்தனைக்கும் பிறகு நீ பெருந்தன்மையோடு சொன்னாய்: "முடிச்சை எடுங்க, நீளக் குழாயைக் குடுக்கப் பழகுங்க, சனிக்கிழமை கப்பலுக்கு வாங்க. உங்களோட நான்தான் இறங்குவேன்." வரமாட்டேன். கப்பல் அங்கேயே கிடக்கட்டும். அதை நான் காகிதத்தில் பார்த்தது போதும். உன்னோடு இனி ஒரு குளியல் தொட்டியில்கூட இறங்கமாட்டேன். உங்கள் வீட்டுக் கதவையும் இனி இந்தக் கை தட்டாது.

உங்கள் மனைவிக்கு என் மரியாதை கலந்த வணக்கங்கள். பிள்ளைகளுக்கு ஆசிகள், அவர்களாவது அம்மாவைப் போல் வளர எல்லாம் வல்லவர் அருளட்டும்.

இப்படிக்கு,
இனி உங்களுக்கு எந்த வகையிலும் தொந்தரவு தராத
தோர்லைவ்

பின்குறிப்பு: சனிக்கிழமை காலை. தபாலில் போட மனம் வராமல் மேசையிலேயே கிடந்தது. முடிச்சு அவிழவில்லை, ரம்பத்தால் அறுத்தேன். ரப்பர் போட்டாகிவிட்டது. நேற்றெல்லாம் குன்வோருக்கு நீளக் குழாயைக் கொடுத்துக் கொடுத்துப் பழகினேன்; நீ பரவாயில்லை, அவள் திருப்பித் தருவதே இல்லை. இப்போது அவள் வேலைக்குப் போய்விட்டாள். நீர் புகாத உடைக்கு ஜிப் முதுகில் இருக்கிறது என்பதை அவள் பேருந்து ஏறிய பிறகுதான் யோசித்தேன். எல்லாம் இரண்டு இரண்டாக வைத்திருக்கும் எனக்கு அங்கே எட்டுகிற கை ஒன்றுகூட இல்லை. சொன்ன சொல் தவறாதவன், ஆகவே தட்டவில்லை. இதைக் கதவிடுக்கில் நுழைத்துவிட்டு, உன் வாசற்படியில் முதுகு திறந்தபடி நிற்கிறேன். மழை உள்ளே இறங்குகிறது. முன்பக்கங்களை அப்புறம் சாவகாசமாகப் படித்துக் கோபித்துக்கொள். முதலில் கதவைத் திற மாப்ளே.