அப்பா வண்டியும் ஓடுமா?

திண்டிவனம்
9-4-84

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, தங்கள் மைத்துனன் கோதண்டபாணி வணங்கி எழுதுவது. அக்கா நலம். குழந்தை அம்சா மிகவும் நலம். வண்டி நலமில்லை.

விழுப்புரத்தில் ஹேண்ட் பிரேக் ஒயர் கிடைத்ததா? கிடைத்திருந்தால் மகிழ்ச்சி. கொஞ்சம் தாமதம்.

புறப்படும்போது சொன்னீர்கள். "எம்மெஸ்ஸி பிசிக்ஸ் படிச்சுட்டு சும்மாதான குந்திக்கினு இருக்க. கொழந்தைக்கு உருப்படியா எதாச்சும் சொல்லிக் குடு. இல்லாட்டி மூட்டயக் கட்டு."

சொல்லிக் கொடுத்தேன். பரணிலிருந்து ஒரு பலகையை இறக்கித் தலையணை மேல் சாய்த்தேன். உச்சியில் அம்சாவின் பொம்மைத் தகரக் கார். ஒரு தலையணைக்கு மெதுவாக இறங்கியது. இரண்டுக்குச் சுவரில் முட்டியது. அம்சாவுக்கு ஐந்து வயது. கண் கொட்டவில்லை. சக்கரத்துக்கு முன்னால் ஒரு புளியங்கொட்டை வைத்தேன். கார் நின்றது.

"கொட்டைய எடுத்துட்டா?"

"தானா ஓடும். யாரும் தள்ள வேணாம்."

"அப்பா வண்டியும் ஓடுமா மாமா?"

"எல்லா வண்டியும். சட்டம் ஒண்ணுதான்."

இந்த இடத்தில் நான் எழுந்து வாசலுக்குப் போயிருக்க வேண்டும். ஏரிக்கரைச் சரிவில், பிரேக் இல்லாமல், ஒரே ஒரு கருங்கல் முட்டுக்கொடுக்க நிற்கிற உங்கள் அம்பாசடரைப் பார்த்திருக்க வேண்டும். போகவில்லை. பாடம் நன்றாக அமைந்த திருப்தியில் தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலை வெளியே வந்தால் வண்டி போய்க்கொண்டிருக்கிறது, உள்ளே யாருமில்லை, முதலில் நடக்கிற வேகம்தான், நானும் கூடவே நடந்தேன், பிறகு ஓடினேன், பிறகு ஓடியும் பிடிக்க முடியவில்லை, கொடியில் காய்ந்த அக்காவின் மஞ்சள் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கோழிகளை விரட்டிக்கொண்டு, எதிர்வீட்டு வெள்ளையம்மாள் ரோட்டில் குவித்திருந்த வேர்க்கடலையில் மூக்கு வரை புதைந்து நின்றது, பின்னாலேயே அம்சா கைதட்டிக்கொண்டு வந்தாள், "மாமா, நீ சொன்ன மாதிரியே ஓடுது!"

வெள்ளையம்மாள் விளக்குமாற்றோடு வந்தாள். "படிச்சவனாம் படிச்சவன்! பச்சப் புள்ளைக்கு கல்லப் புடுங்க சொல்லிக் குடுத்துக்கினு! எம் மல்லாட்டைல பாதி உங்க மாமன் இன்ஜின்ல பூந்துகினு இருக்குது, யார்றா பொறுக்கறது?"

கல்லை நீயா எடுத்தாய் என்று அம்சாவைக் கேட்டேன். வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  எனக்கு அதுவே போதும்.

ஒரு ஹெட்லைட் போயிற்று. பம்பர் தொங்குகிறது. வெள்ளிக்கிழமை முகையூர் கல்யாணத்துக்கு வண்டி போகாது. மாமா, என் படிப்பு இந்த உலகில் உண்டாக்கிய முதல் விளைவு இது. எங்கும் சரிவு. எல்லாம் கீழ்நோக்கி. நானும். நீங்கள் சொன்னபடியே மூட்டையைக் கட்டிவிட்டேன். இனி யாருக்கும் எதையும் கற்பிக்க மாட்டேன். அம்சா கதவோரம் நின்று "தலகாணி எடுத்தாறட்டா மாமா?" என்கிறாள். நான் நிமிரவில்லை.

அங்கே உங்கள் அண்ணன் வீட்டில் எல்லோருக்கும் என் வணக்கம். அவர்கள் பிள்ளைகள் சமதரையில் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
நீங்கள் திரும்பும்போது இங்கே இருக்கப்போகாத
கோதண்டபாணி

பின்குறிப்பு: தபால் பெட்டிக்குப் போக வாசலில் இறங்கினேன். அக்கா வேட்டி விரித்து வடகம் போட்டிருக்கிறாள். அதன் மூலையில், காற்றுக்குப் பறக்காமலிருக்க, அந்தக் கருங்கல். "வேற கல்லு ஆப்புடலடா. அதான் எடுத்தேன். ஒங்க மாமாகிட்ட சொல்லிடாத, கொன்னுடுவாரு" என்கிறாள். அம்சா கல்லைத் தொடவே இல்லை. கேட்டால், "அது கனம் மாமா" என்கிறாள். ஆக, என் பாடத்தால் ஒன்றுமே நடக்கவில்லை. மூட்டையை அவிழ்த்துவிட்டேன். மூன்றாவது தலையணையும் வந்துவிட்டது. படித்ததும் இந்தப் பகுதியை மட்டும் கிழித்துப் போட்டுவிடுங்கள். மேலே உள்ளதே நடந்தது. அந்த முதல் விளைவாவது என் பெயரில் இருக்கட்டும்.