ஏழாம் நம்பர் நட்டு

ஏழாம் நம்பர் நட்டு ஏழாம் நம்பர் போல்ட்டில் ஏறவில்லை.

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முயன்றார். ஊஹும். எட்டாவது, தொளதொளவென்று மோதிரம் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. ஒன்பதாவது பாதியில் நின்றுகொண்டு முன்னேயும் போக மறுத்தது, பின்னேயும் வர மறுத்தது.

எதிரே மாமனாரின் குதிரை வண்டி, செங்கல் முட்டுக்கொடுத்து, எலும்பும் தோலுமாக நின்றது. சனிக்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள்.

ஒரு காலத்தில் மாமியாரின் அப்பா ஓட்டிய வண்டி அது. நாற்பது வருடமாகத் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கொட்டகையில் கிடந்தது. மாமனார் அதை ஒருவரையும் தொட விட்டதில்லை. பேரப்பிள்ளைகள் ஏறினால்கூடக் காதைத் திருகுவார். இப்போது மாமியாரின் அண்ணன் சனிக்கிழமை வெளிநாட்டிலிருந்து வருகிறார். "சாகறதுக்குள்ள அப்பா வண்டியில ஒரு சுத்து வரணும்" என்று போனில் சொல்லிவிட்டார்.

அதற்குத்தான் மாமனார் இவரைக் கூப்பிட்டார். கூப்பிட்டது பெரிதல்ல, கூப்பிட்ட விதம்தான் பெரிது. கல்யாணமான நாளிலிருந்து பன்னிரண்டு வருடமாக "இந்தாங்க" என்று மட்டுமே அழைத்தவர், அன்றைக்கு "மாப்பிள்ளை" என்றார்.

"மாப்பிள்ளை, இரும்புச் சாமானை மட்டும் கழட்டி, துருவை எடுத்து, எண்ணெய் போட்டு மாட்டணும். கண்டவன் கையில குடுக்க மனசு வரல. உங்க நிதானம் யாருக்கு வரும்?"

சொன்ன கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அந்த மச்சானை அழைத்துவரப் பத்து நாள் முன்னாலேயே பட்டணத்துக்குக் கிளம்பிவிட்டார்.

மருந்துக்கடைக்காரருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஒவ்வொரு நட்டையும் அதன் போல்ட்டோடு மாத்திரைக் கவரில் போட்டு, 'முன்சக்கரம், இடது, மேல்' என்று எழுதி நம்பரும் போட்டார். மொத்தம் முப்பத்திரண்டு கவர். மேல் பெயிண்டைச் சுரண்டியதும் நட்டெல்லாம் விரலுக்கே கழன்று வந்தன. உள்ளே தாரும் நூலுமாக ஒரே அழுக்கு. மண்ணெண்ணெய் ஊற்றிப் பளபளவென்று தேய்த்து வைத்தார். அதோடு சரி. அப்புறம் ஒன்றும் ஏறவில்லை.

"கவரை மாத்திப் போட்டிருப்பீங்க" என்றாள் மனைவி.

"நானா? இருவது வருஷமா மருந்து குடுக்கறேன். ஒரு மாத்திரை மாறினதுண்டா?"

"முழுங்கினப்புறம் மாறினது யாருக்குத் தெரியும்?"

அந்த ரோஷத்தில் நீளமான ஸ்பேனரை மாட்டி ஏழாம் நம்பரை ஓர் அழுத்து அழுத்தினார். டக்கென்று நட்டோடு சேர்ந்து போல்ட்டு முறிந்தது.

இரும்புப் பட்டறைக்காரரை வரவழைத்தார். அவர் ஒரு நட்டை வெளிச்சத்தில் பிடித்து, ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"அந்தக் காலத்து வேலைங்க. மரையைக் கையால வெட்டியிருப்பாங்க. ஒரு போல்ட்டுக்கு ஒரு நட்டுதான். வேற எதுலயும் ஏறாது. நீங்க கலந்துட்டீங்க."

"சத்தியமா கலக்கலைங்க."

"அப்ப என்ன, நட்டெல்லாம் எழுந்து நடந்துபோய் கவர் மாறிப் படுத்துக்கிச்சா?"

பட்டறைக்காரர் நட்டை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"ஒவ்வொண்ணையும் எல்லாத்துலயும் போட்டுப் பாருங்க. ஏதோ ஒண்ணுல ஏறித்தானே ஆகணும்?"

கடையைச் சாத்திவிட்டு, கவர்களையெல்லாம் பாயில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பாக்கி முப்பத்தொரு போல்ட்டு, முப்பத்தொரு நட்டு. இரண்டு நாளில் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. ஒரு ஜோடிகூடச் சேரவில்லை. போதாக்குறைக்கு, எது எந்தக் கவரில் இருந்தது என்பதும் இப்போது போயே போயிற்று.

மாமியார் வேளாவேளைக்கு டீ கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொரு தடவையும் எதையோ சொல்ல வாயெடுப்பார். பிறகு, "ஆறிடப்போகுது, குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

மனைவிக்கே பாவமாகிவிட்டது. "ஏங்க, பசையை வச்சு ஒட்டிடுங்க. மேல பெயிண்ட் அடிச்சா யாருக்குத் தெரியப்போகுது?"

"மாமாவை ஏமாத்தச் சொல்றியா? அந்த மனுஷன் என்னை நம்பி..." அடுத்த நட்டை எடுத்துத் திருக ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை ஒருவர் தலைவலி மாத்திரை கேட்டு வீட்டுக்கே வந்தார். மருந்துக்கடைக்காரர் அட்டையை ஐந்து தடவை திருப்பித் திருப்பிப் படித்தார். "வேற கடையில வாங்கிக்குங்க" என்று அனுப்பிவிட்டார். தன் கையைத் தானே நம்பாதவன் அடுத்தவனுக்கு எப்படி மருந்து கொடுப்பது?

சனிக்கிழமை காலையில் பட்டறைக்காரர் கடைசி வைத்தியத்தைச் சொன்னார். "நட்டைப் பழுக்கக் காய்ச்சி அடிச்சு ஏத்திடலாம்."

அடித்தார்கள். மூன்றாவது நட்டில் மரம் கருகிப் புகைந்தது. மருந்துக்கடைக்காரர் அலறிக்கொண்டு ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார். அந்த அவசரத்தில் கால் பட்டுச் செங்கல் நழுவியது. வண்டி ஒரு முனகல் முனகிவிட்டு, வலது பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது.

பட்டறைக்காரர் தம் சுத்தியலை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போய்விட்டார். வாசலில் கார் வந்து நின்றது.

மாமனாரும் மச்சானும் நேராகக் கொட்டகைக்கே வந்தார்கள்.

"மாமா, என்னை மன்னிச்சிடுங்க" என்றார் மருந்துக்கடைக்காரர். "நட்டையெல்லாம் நான்தான் கலந்துட்டேன்."

மாமனார் தலையில் அடித்துக்கொண்டார். "பாத்தீங்களா மச்சான்! நாப்பது வருஷம் கண்ணுக்குள்ள வச்சுக் காப்பாத்தினேன். பத்தே நாள்ல முடிச்சுட்டாரே!"

மச்சான் சாய்ந்த சக்கரத்தைத் தடவிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "விடுங்க, நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று மாமனாரின் தோளைத் தட்டி வீட்டுக்குள் அழைத்துப் போனார்.

மருந்துக்கடைக்காரர் நட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, வெட்கத்தை விட்டு அழுதார். கடையை விற்றுவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

மாமியார் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தார். வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க ஒண்ணையும் கலக்கலைங்க. எங்கப்பாவோட வண்டியைக் கழட்டி நட்டையெல்லாம் தொலைச்சிட்டு, நாப்பது வருஷத்துக்கு முன்னாடி இதுங்களைப் பழைய இரும்புக் கடையில பொறுக்கிட்டு வந்து தாரால ஒட்டி வச்சவரு உங்க மாமாதான். எங்கண்ணன் வராருன்னதும் பழி போட ஒரு ஆள் வேணுமேன்னுதான் உங்களை மாப்பிள்ளைன்னு கூப்பிட்டாரு."